கூட்ஸ் வண்டியில் ஏறும் தம்பி: ஒரு அக்காவின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நாங்கள் அரக்கோணம் பக்கம். தம்பிக்கு 19 வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கட்டி முடிக்காத அபார்ட்மென்ட், தண்ணீர் டேங்க் என்று ஏறி வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது யார்டில் நிற்கும் கூட்ஸ் வண்டியில் ஏறி இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போய் இறங்கி வருகிறான். கேட்டால், "கம்பியைத் தொட்டால்தானே ஆபத்து, எனக்குத் தெரியாதா" என்கிறான். உண்மையில் எவ்வளவு ஆபத்து? பிடிபட்டால் வேலைக்குப் போவதில் சிக்கல் வருமா? எப்படி நிறுத்துவது?

பதில்: கட்டடம் ஏறுவது, கூட்ஸ் வண்டியில் ஏறுவது இரண்டையும் நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலும் அப்படியே சேர்த்துத்தான் திட்டியிருப்பீர்கள், அவன் காதில் ஏறாததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். சுவர் ஏறுவதில் திறமை என்று ஒன்று உண்டு. விரல் பலம், கால் வைக்கும் இடம், எங்கே திரும்பி இறங்க வேண்டும் என்கிற கணக்கு, இதெல்லாம் பழகப் பழக வரும், அது அவனுக்கும் தெரியும். கூட்ஸ் வண்டியில் அப்படிப் பழகிக்கொள்ள எதுவுமே இல்லை. பத்து வருடம் ஏறினவனுக்கும் முதல் நாள் ஏறினவனுக்கும் அங்கே ஒரே நிலைமைதான். அதனால் ரயிலைப் பற்றித் தனியாகப் பேசுங்கள், அதில் பேரமே கிடையாது. ஏறுகிற ஆசையைப் பற்றி வேறு ஒரு நாள் பேசலாம், அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறது.

நான் ரயில்வேயில் ஓ.எச்.இ. பிரிவில், அதாவது தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பியைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். "தொட்டால்தானே ஆபத்து" என்பதை இளவயதுப் பையன்கள் வாயிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். அந்தக் கம்பியில் 25,000 வோல்ட். இவ்வளவு அழுத்தத்தில் காற்றே சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மின்சாரத்தைக் கடத்திவிடும், தொடவே வேண்டாம். சிலர் சொல்வதுபோல அது காந்தம் மாதிரி ஆளை இழுக்காது, அந்தக் கதையைத் தம்பியிடம் சொல்லாதீர்கள், இன்ஜினியரிங் படிக்கிறவன் சிரித்துவிட்டு மற்றதையும் நம்பமாட்டான். இடைவெளி குறைந்ததும் நடுவில் இருக்கும் காற்று மின்காப்புத் தன்மையை இழந்து, மின்சாரம் நெருப்பு வளைவாக உடம்புக்குள் பாய்ந்து, வேகன் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்விடும். அவ்வளவுதான் நடப்பது.

இப்போது அளவுகளைப் பாருங்கள். கம்பி சாதாரணமாகத் தண்டவாளத்திலிருந்து சுமார் 5.5 மீட்டர் உயரத்தில் இருக்கும், பாலங்களுக்கு அடியில் இன்னும் கீழே இறங்கும். நிலக்கரி ஏற்றும் திறந்த வேகனின் விளிம்பு சுமார் 3.2 மீட்டர். அதன் மேல் 1.7 மீட்டர் உயரப் பையன் எழுந்து நின்றால் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம் மிச்சம். செல்ஃபிக்குக் கையைத் தூக்கினால் அதுவும் போச்சு. பெட்ரோல் டேங்கர் வேகனின் உச்சி 4 மீட்டரைத் தாண்டும், அங்கே நிமிர்ந்து நிற்பதற்கே இடம் இல்லை. மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் கம்பிக்கு 2 மீட்டர் தூரத்துக்குள் போகக்கூடாது என்பது எங்கள் ஊழியர்களுக்கே உள்ள விதி. வேகன் மேல் நிற்கிற ஒருவன் நின்ற நொடியிலேயே அந்த 2 மீட்டருக்குள் வந்துவிடுகிறான் என்று அவனையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"யார்டில் ஓரமாக நிற்கிற வண்டிதானே, அந்த லைனில் கரண்ட் இருக்காது" என்று அடுத்ததாகச் சொல்வான். லைனில் என்ஜின் இருக்கிறதா இல்லையா, வண்டி ஓடுகிறதா இல்லையா என்பதற்கும் கம்பியில் மின்சாரம் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நிஜமாகவே நிறுத்தி வைத்த கம்பியில்கூட, பக்கத்து லைனில் ஓடும் மின்சாரத்தால் தூண்டப்பட்ட வோல்டேஜ் ஏறி நிற்கும், அதனால்தான் நாங்கள் பவர் பிளாக் (மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் அனுமதி) வாங்கிய பிறகும் இரண்டு பக்கமும் மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டாமல் கை வைக்கமாட்டோம். கீழேயிருந்து பார்த்து உயிருள்ள கம்பி, செத்த கம்பி என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பிழைத்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வயதுப் பையன்களுக்குச் சாவு என்பது வெறும் வார்த்தை, ஊனம் கொஞ்சம் உறைக்கும். மின்சாரத் தீக்காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். கையோ காலோ எடுக்க வேண்டி வருவது சாதாரணம். சிதைந்த தசையிலிருந்து வரும் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதற்கு மேல், அடித்த வேகத்தில் வேகன் உச்சியிலிருந்து ஜல்லிக் கற்கள் மேல் விழுகிற அடி தனி.

சரி, மேலே நிற்காமல் இரண்டு வேகனுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு போகிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கூட்ஸ் ரேக்கில் 58 வேகன் வரை இருக்கும், நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல், லோடு ஏற்றினால் எடை 5,000 டன் அளவுக்குப் போகும். வேகன்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் தளர்வு உண்டு. என்ஜின் இழுக்க ஆரம்பித்ததும் முதல் வேகன் நகரும், கடைசி வேகன் அப்போதும் சும்மா நிற்கும், நடுவில் உள்ள தளர்வு எல்லாம் ஒவ்வொன்றாக இறுகி, பின்னால் வரும்போது ஓங்கி அறைந்த மாதிரி ஒரு குலுக்கு. பிரேக் போட்டால் இதே கதை தலைகீழாக. பயணிகள் ரயிலில் தொங்கிப் பழகினவன் இந்தக் குலுக்கை எதிர்பார்க்கமாட்டான், பிடி விட்டால் விழுவது சக்கரத்துக்கு நடுவில். லோகோ பைலட் அரை கிலோமீட்டர் முன்னால் இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது. கடைசியில் இருக்கும் டிரெயின் மேனேஜருக்கு (கார்டு என்றுதான் நமக்குப் பழக்கம், 2022-ல் பெயர் மாற்றினார்கள்) தெரிந்தாலும் அந்த எடை நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம்.

இன்னொன்று, கூட்ஸ் வண்டிக்குப் பயணிகள் ரயில் மாதிரி அட்டவணை கிடையாது. போன தடவை மூன்றாவது ஸ்டேஷனில் நின்றது என்றால் அன்று வேறு ரயிலுக்கு வழிவிட லூப்பில், அதாவது பக்கத் தண்டவாளத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை பச்சை சிக்னலில் எல்லா ஸ்டேஷனையும் தாண்டிப் போகும், அல்லது நடுக்காட்டில் மூன்று மணி நேரம் நிற்கும். நிற்காமல் போகிறபோதுதான் பையன்கள் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிறார்கள், கால் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பயமுறுத்தினால் நின்றுவிடுவான் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஜகார்த்தாவில் கூரை மேல் பயணம் செய்பவர்களை விரட்ட 2012-ல் தண்டவாளத்துக்கு மேலே சங்கிலியில் கான்கிரீட் உருண்டைகளைத் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்னால் கூரையில் ஏறுகிறவர்கள் மேல் சாயம் அடித்தும் பார்த்தார்கள். ஆட்கள் அப்போதும் ஏறினார்கள். நியூயார்க்கில் ரயில் கூரை மேல் நின்று வீடியோ எடுக்கிற பழக்கத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் செத்தும், ஸ்டேஷன் முழுக்க அறிவிப்பு வைத்தும், இன்னும் ஏறுகிறார்கள். இந்த வயதில் ஆபத்தை எடை போடும் மூளை ஒன்றும் மோசமில்லை, தனியாக இருக்கும்போது ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்யும். பக்கத்தில் நண்பர்கள் இருந்தால்தான் கணக்கு மாறுகிறது, இது ஆய்வுகளிலேயே திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆகவே நீங்கள் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் தம்பி இல்லை, கீழே நின்று வீடியோ எடுக்கிறவன். அவன் யார் என்று கண்டுபிடித்து, அவன் வீட்டிலும் பேசுங்கள். நீங்களும் அந்த வீடியோக்களைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டி, "பாருங்க என்ன பண்றான்னு" என்று பாதிப் பெருமையோடு சொல்வதை (பல வீடுகளில் நடக்கிறது) நிறுத்திவிடுங்கள்.

கட்டடம். இதில் முக்கிய எதிரி உயரம் என்று நினைப்பார்கள், பிடிமானம்தான் எதிரி. பாறை ஏறுகிறவன் கல்லைத் தட்டிப் பார்த்துப் பிடிப்பான். கட்டடத்தில் நீங்கள் பிடிக்கிற பைப் கிளாம்ப், ஏ.சி. ஸ்டாண்டு, சன்ஷேடு, டேங்க் ஏணி எதுவும் ஆள் எடையைத் தாங்கச் செய்ததில்லை, அல்லது செய்து 30 வருடம் ஆகி உள்ளே துருப்பிடித்திருக்கும், பெயிண்ட் மட்டும் புதிதாக இருக்கும். கட்டி முடிக்காத அபார்ட்மென்ட் இன்னும் மோசம்: மூடாத லிஃப்ட் குழி, இருட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, பாதி கழற்றிய சாரம். மூன்று மாடி, அதாவது 10 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இதை அவனே பிளஸ் ஒன் இயற்பியலில் போட்டிருப்பான்.

பெரிய ஆட்களின் பெயரைச் சொல்லி வாதாடுவான். ஃபிரான்ஸ் நாட்டு அலன் ராபர்ட் உலகம் முழுக்கக் கட்டடம் ஏறினவர்தான். ஆனால் 1982-ல், கிட்டத்தட்ட உங்கள் தம்பியின் வயதில், இரண்டு தடவை விழுந்து உடம்பெல்லாம் உடைந்தவர். 2011-ல் புர்ஜ் கலிஃபா ஏறும்போது கயிறும் ஹார்னஸும் போட்டுத்தான் ஏறினார். சீனாவில் வூ யோங்னிங் என்பவர் கயிறு இல்லாமல் உச்சியில் தொங்கி வீடியோ போட்டுப் பிரபலமானவர், 2017 நவம்பரில் சாங்ஷா நகரில் 62 மாடிக் கட்டடத்தின் உச்சி விளிம்பில் தொங்கிவிட்டு மேலே ஏற முடியாமல் விழுந்து இறந்தார். அந்த வீடியோக்களை ஒளிபரப்பிய தளம் அவர் குடும்பத்துக்கு 30,000 யுவான் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. நம் ரூபாயில் மூன்று லட்சம் சொச்சம். பார்த்தவர்கள் பத்து லட்சக் கணக்கில்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். 1989 ரயில்வே சட்டத்தில் 147-வது பிரிவு அத்துமீறி நுழைவதற்கு, 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பயணிகளுக்கு இல்லாத பகுதியில், எச்சரித்த பிறகும் பயணம் செய்தால் 156-வது பிரிவு, 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) பிடித்தால் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள், அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். தொகை சின்னது என்று பார்க்காதீர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனைதான். பின்னால் அரசு வேலைக்கு விவரப் படிவம் நிரப்பும்போது கேட்பார்கள், அங்கே மறைத்தால்தான் உண்மையான சிக்கல். சின்னக் குற்றத்தை வேலை கொடுப்பவர் மன்னிக்க இடம் உண்டு, மறைத்ததையே காரணமாக வைத்து நீக்கவும் முடியும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் ரயில்வே இழப்பீடும் எதிர்பார்க்க முடியாது, தன் சொந்தக் குற்றச் செயலால் வந்த காயத்துக்கு 124-ஏ பிரிவில் இழப்பீடு இல்லை.

இனி விட்டுக்கொடுக்கிற பக்கம். பையனுக்கு உயரம் பிடிக்கிறது என்றால் அதை அடைத்து வைக்க முடியாது, வேறு இடத்தில் பீறிட்டு வரும். ஸ்போர்ட் கிளைம்பிங் டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக் விளையாட்டு. சென்னையிலும் பெங்களூரிலும் செயற்கைச் சுவர்கள் இருக்கின்றன, கர்நாடகத்தில் பாதாமியில் கயிறு கட்டி ஏறுகிற அருமையான பாறைகள் இருக்கின்றன. லீவில் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பலாம், ஒரு மாதம் அளவு ஆகும், காலையில் எழுப்பி முதுகில் மூட்டையோடு நடக்கவிடுவார்கள், பாதி வாய் அங்கேயே அடங்கிவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு: ரோப் ஆக்சஸ் என்கிற தொழில். இரண்டு கயிறு, ஒன்று வேலைக்கு, ஒன்று காப்புக்கு, அதில் தொங்கிக்கொண்டு கண்ணாடிக் கட்டடம், பாலம், முப்பந்தல் பக்கம் நிற்பது மாதிரியான காற்றாலைகளின் இறக்கை எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள், பழுது பார்ப்பார்கள். 18 வயது ஆனால் பயிற்சியில் சேரலாம், இன்ஜினியரிங் படிப்போடு சேர்ந்தால் நல்ல சம்பளம். ரயில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், படிப்பு முடிந்ததும் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதட்டும். கூட்ஸ் வண்டியில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் போனால் அந்த மோகமும் தானாகத் தெளியும்.

இதற்கெல்லாம் நாள் ஆகும், அதுவரை வீட்டில் எல்லோரும், முக்கியமாக அவன் நண்பர்கள், தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒன்று. வேகன் மேல் யாருக்காவது அடித்துவிட்டால் மேலே ஏறி இழுக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு தடவை அடித்ததும் லைன் டிரிப் ஆகும், ஆனால் சிறிது நேரத்தில் மறுபடி சார்ஜ் ஆகலாம், "கரண்ட் போயிருச்சு" என்று ஏறுகிற இரண்டாவது ஆளும் அப்படித்தான் சாகிறான். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஓடுங்கள் அல்லது 139-க்கு அடியுங்கள், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அதை வைத்து எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கூடவே 108. ரயில்வே ஆள் வந்து லைனை எர்த் செய்தாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும். அடிபட்டவன் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், சிறுநீர் பால் சேர்க்காத டீ நிறத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டும், தீக்காயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையிலேயே சேர்க்க வேண்டும்.