கேள்வி-பதில்: வெங்காய வேர் நுனியும் செல் பிரிதலும்

வெங்காய வேர் நுனியை நசுக்கி ஸ்லைடு போட்டால் எல்லாம் உருண்டை உட்கருவாகவே தெரிகிறது. பிரியும் செல் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. எங்கே தப்பு?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பெரும்பாலும் வெட்டுகிற இடத்தில்தான். பிரியும் செல்கள் வேரின் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் மட்டுமே இருக்கும். அதற்கு மேலே உள்ளவை நீள ஆரம்பித்துவிட்ட செல்கள். சாயம் ஏறியதும் நுனி அடர் சிவப்பாகவும் மேற்பகுதி வெளிறியும் தெரியும். சிவந்த பகுதியை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்திப் பாதுகாக்கும் கரைசலான ஃபிக்ஸேடிவைப் பாருங்கள். கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு, எத்தனால் 3 பங்கு, அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்க வேண்டும். வேர் 1 முதல் 2 செ.மீ. வளர்ந்ததும் நுனியை வெட்டி உடனே அதில் போட்டு 24 மணி நேரம் வையுங்கள். உடனே பயன்படுத்தாவிட்டால் 70% எத்தனாலுக்கு மாற்றிவிடலாம்.

சாயமேற்ற, வாட்ச் கிளாஸில் அசிட்டோகார்மைன் இரண்டு மூன்று சொட்டும் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டும் விட்டு, சாராய விளக்கில் லேசாகச் சூடுகாட்டி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். கொதிக்கவே கூடாது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இளக்குவது அந்த அமிலம்தான். அதை விட்டுவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும், என்ன அழுத்தினாலும் பரவாது. கவர் ஸ்லிப் மேல் ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் துளி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு சிதைந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலான செல்கள் இரண்டு பிரிதல்களுக்கு நடுவேயான இடைக்கால நிலையில்தான் இருக்கும். அதைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம். 24 மணி நேரச் சுழற்சி கொண்ட மனித செல்லிலேயே மைட்டாசிஸுக்கு, அதாவது உட்கரு பிரிதலுக்கு, ஆவது சுமார் ஒரு மணி நேரம். சும்மா இருப்பதாகத் தோன்றும் அந்த உருண்டை உட்கருக்களில் பலவற்றுக்குள் டி.என்.ஏ. நகலெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். குரோமோசோம்கள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அந்த வேலை முடிந்தே போயிருக்கும்.

டி.என்.ஏ. இரட்டிப்பானால் குரோமோசோம் எண்ணிக்கையும் இரட்டிப்பாக வேண்டாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வேண்டாம். குரோமோசோமை சென்ட்ரோமியரை (அதன் இரு நகல்களும் சேர்ந்திருக்கும் இடத்தை) வைத்து எண்ணுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நகலெடுப்பு நடக்கும் எஸ் நிலை முடிந்ததும் டி.என்.ஏ. அளவு 2சி-யிலிருந்து 4சி ஆகிறது (சி என்பது நகலெடுக்கப்படாத ஒற்றைத் தொகுதி குரோமோசோம்களின் டி.என்.ஏ. அளவு). ஆனால் ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு குரோமாட்டிடுகளும், அதாவது நகல்களும், சென்ட்ரோமியரில் சேர்ந்தே இருப்பதால் எண்ணிக்கை 16தான். அனாஃபேஸ் என்ற கட்டத்தில் அவை பிரியும்போது அந்த ஒரே செல்லில் சிறிது நேரம் 32 இருக்கும். பிறகு சேய் செல்லுக்கு 16, 2சி.

நகலெடுக்கும்போது ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக உருவாகிறது?
– ஆசிரியை, விழுப்புரம்

ஒரு டி.என்.ஏ. இழையின் இரு முனைகளுக்கு 5', 3' என்று பெயர்; இழையை வளர்க்கும் நொதியான டி.என்.ஏ. பாலிமரேஸ் புது நியூக்ளியோடைடை (இழையின் அலகை) 3' முனையில் மட்டுமே சேர்க்கும். தாய் இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஆகவே தாய் இழைகள் பிரியும் இடமான பிளவு திறக்கும் திசையிலேயே தொடர்ந்து வளரும் வாய்ப்பு ஒரு புது இழைக்குத்தான் உண்டு. மற்றது ஒவ்வொரு முறையும் பிளவுக்கு அருகில் புதிதாகத் தொடங்கிப் பின்னோக்கி வளர வேண்டும். பாலிமரேஸால் வெறும் இழையில் தானாகத் தொடங்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் பிரைமேஸ் நொதி முதலில் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. பிரைமரை (தொடக்கத் துண்டை) அமைத்துக் கொடுக்கிறது. பிறகு பிரைமர் நீக்கப்பட்டு, அந்த இடம் டி.என்.ஏ.வால் நிரப்பப்பட்டு, கடைசி இடைவெளியை லைகேஸ் என்ற நொதி ஒட்டுகிறது. இவைதான் ஒகசாகி துண்டுகள். பாக்டீரியாவில் 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு நீளம், நம் செல்களில் 100 முதல் 200. படம் வரையச் சொல்லும்போது 5', 3' முனைகளை முதலில் குறிக்கச் சொல்லுங்கள். அம்புக்குறிகள் தாமாகச் சரியாக விழும்.

ஈ.கோலை பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க 40 நிமிடம் ஆகிறது, ஆனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. எப்படி?
– வாசகர், கோவை

நல்ல கேள்வி. சுமார் 46 லட்சம் கார இணைகளை (டி.என்.ஏ. ஏணியின் படிகளை), நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வேகத்தில் இரண்டு பிளவுகள் எதிரெதிராகச் சென்று முடிக்க அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். சத்து நிறைந்த ஊடகத்தில் ஈ.கோலை முதல் சுற்று முடியும்வரை காத்திருப்பதில்லை. பாதியில் இருக்கும்போதே தொடக்கப் புள்ளியில் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது. எனவே பிறக்கும் சேய் செல்லுக்குக் கிடைப்பதே ஏற்கெனவே பாதி நகலெடுக்கப்பட்ட குரோமோசோம்தான்.