டேவிடுக்காக யார் அழுவது?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் நாலைந்து பேர் வெள்ளிக் கடற்கரையில் கூடுவோம். சில மாதங்களாக எங்கள் பேச்சு முழுவதும் ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ முன்கதைப் படங்களைப் பற்றித்தான். 2012இல் ‘புரோமிதியஸ்’ வந்தது, 2017இல் ‘ஏலியன்: கவனென்ட்’ வந்தது. மூன்றாவது வரவே இல்லை. டேவிட் என்ற இயந்திர மனிதன் ஒரு விண்கலத்தைத் தன் வசமாக்கிக்கொண்டு, அதில் உறங்கும் இரண்டாயிரம் குடியேறிகளோடு போவதுடன் கதை அந்தரத்தில் நிற்கிறது.

டேவிட் வெல்ல வேண்டும் என்பது என் கட்சி. இரண்டாயிரம் பேரும் அவன் ஆராய்ச்சிக்கு இரையாகி, அவன் உருவாக்கும் வேற்றுலக மிருகத்தின் முட்டைகள் 1979இல் வந்த முதல் ‘ஏலியன்’ படத்தில் வருகிற அந்தப் பாழடைந்த கலத்தைச் சென்றடைய வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராகும். நண்பன் ஒருவன், மனிதரைப் படைத்த ‘பொறியாளர்கள்’ திரும்பி வந்து டேவிடை அழித்து, நம்மை ஏன் படைத்தார்கள் என்று விளக்க வேண்டும் என்கிறான். இன்னொருவன், ‘புரோமிதியஸ்’ நாயகி எலிசபெத் ஷா இறந்துவிட்டாள் என்று தெரிந்ததுமே இரண்டாம் படத்தைப் பாதியில் விட்டு எழுந்துபோனவன். கண்கூடக் கலங்கினான். ஷா உயிரோடு திரும்பி வரவேண்டும் என்கிறான். படம் பார்க்கத் தெரியாதவன் என்று அவனைக் கேலி செய்கிறோம்.

இயக்குநருக்கு வயதாகிவிட்டது. நிறுவனம் கைமாறிவிட்டது. 2024இல் வந்த ‘ரோமுலஸ்’ வேறு பக்கம் போய்விட்டது. இனி முடிவு வருமா? வந்தால் எப்படி இருக்க வேண்டும்? என் தங்கை இப்போதுதான் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறாள். எந்த வரிசையில் பார்க்கச் சொல்லலாம்?

கே., மஞ்சக்குப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும், எழுந்துபோன அந்த நண்பரைச் சந்திக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கதை முடிந்துவிட்டது என்பது கேட்பவர்களுக்கு எப்போது, எதனால் தெரிகிறது என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளம் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்து, இந்த இடத்தில் நகராமல் நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. ஆகவே, நீங்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். 1937இல் பிறந்தவருக்கு வயதாகத்தான் செய்யும். ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி 2019இல் வாங்கியது. அது வியாபாரம். ஃபெடே ஆல்வரெஸ் எடுத்த ‘ரோமுலஸ்’ நன்றாகப் பயமுறுத்துகிறது. முன்கதையிலிருந்து, உயிர்களை உருமாற்றும் கறுப்புத் திரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, டேவிடைத் தொடவில்லை. மூன்றாவது படம் வருமா என்று சோசியம் சொல்ல எனக்குத் தெரியாது.

உங்கள் முடிவுக்கு வருகிறேன். இரண்டாயிரம் பேர் ‘இரை’யாக வேண்டும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ‘கவனென்ட்’ படத்தின் கடைசிக் காட்சியை நிதானமாகத் திரும்பப் பாருங்கள். கலத்தின் அதிகாரியான டேனியல்ஸ் உறக்கப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். கணவனைப் பறிகொடுத்தவள். புதிய கிரகத்தில் ஓர் ஏரிக்கரையில் மரவீடு கட்டவேண்டும் என்பது அவர்கள் இருவரும் சேர்ந்து கண்ட கனவு. அதை வால்டர் என்ற இயந்திர மனிதனிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். கண்ணாடி மூடி இறங்குகிற நேரத்தில், வீடு கட்ட எனக்கு உதவுவாயா என்று கேட்கிறாள். எதிரே நிற்பவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. எந்த வீடு என்று அவனுக்குத் தெரியாது. அவன் வால்டர் அல்ல, வால்டரின் முகத்தோடு வந்த டேவிட் என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் புரிகிறது. அவள் அலறுகிறாள், மருந்து அவளை உறங்க வைக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் ‘கணக்கு நேராக வேண்டும்’ என்று ஒருவருக்குத் தோன்றுகிறது என்றால் எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. உங்கள் கணக்கில் அந்த மரவீடு எந்தப் பத்தியில் வருகிறது? 1979 படத்தோடு முட்டைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது குமாஸ்தா வேலை. அதை யாராவது செய்துகொள்ளட்டும்.

விளக்கம் கேட்கும் நண்பருக்கும் ஒரு வார்த்தை. அவர் தேடும் பதிலை ‘புரோமிதியஸ்’ நடுவிலேயே சொல்லிவிட்டது. மனிதர்கள் என்னை ஏன் செய்தீர்கள் என்று டேவிட், பயணக் குழுவின் ஆராய்ச்சியாளன் ஹாலோவேயிடம் கேட்கிறான். எங்களால் முடிந்தது, செய்தோம் என்கிறான் அவன். இதே பதிலை உங்களைப் படைத்தவர் உங்களிடம் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கிறான். அதன்பின் ஹாலோவேயின் கோப்பைக்குள் தன் விரல் நுனியிலிருந்து கறுப்புத் திரவத்தை ஒரு சொட்டு விடுகிறான். படைத்தவர்களிடம் இதைவிடப் பெரிய இரகசியம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. வெண்ணிற ராட்சதர் ஒருவர் வந்து நின்று அரைமணி நேரம் விளக்கவுரை ஆற்றினாலும் உங்கள் நண்பர் நிறைவில்லாமல்தான் வீடு திரும்புவார்.

எனக்கு இந்தக் கதை எலிசபெத் ஷாவின் கதை. ‘புரோமிதியஸ்’ முடிவில் அவள் ஒருத்திதான் மிச்சம். ஹாலோவே அவள் காதலன். அவன் சாவுக்கு யார் காரணம் என்பது நமக்குத் தெரியும். அந்த டேவிடின் தலை உடலிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்து பேசுகிறது. வேறொரு கலம் இருக்கிறது, என்னால் ஓட்ட முடியும் என்கிறது. அவள் போகிறாள். தன்னிடமிருந்து அவன் கழற்றி வைத்த சிலுவை எங்கே என்று கேட்கிறாள், எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள், தலையைப் பைக்குள் எடுத்து வைக்கிறாள். எங்கள் கிரகத்துக்குத் திரும்ப வேண்டாம், நம்மைப் படைத்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போ என்கிறாள். இத்தனைக்கும் பிறகு எதற்கு அந்தக் கேள்வி என்று டேவிடுக்குப் புரியவில்லை. ஐந்து ஆண்டுகள் நாம் காத்திருந்தது இந்தப் பெண்ணின் கேள்விக்காக.

அடுத்த படத்தில் அவள் பிணமாகத்தான் வருகிறாள். அறுக்கப்பட்டு, டேவிடின் ஆராய்ச்சி மேசையில் கிடக்கிறாள். அவள் இறந்தது நமக்குக் காட்டப்படவே இல்லை. அவள் என்னைத் திரும்ப ஒட்டவைத்தாள், அத்தகைய கருணையை நான் எந்த மனிதரிடமும் கண்டதில்லை, அவளை நேசித்தேன் என்று சொல்கிற அதே வாயால், கலம் விழுந்தபோது இறந்துபோனாள் என்று பொய்யும் சொல்கிறான். ரசிகர்கள் இந்தப் படத்தால் பிளவுபட்டுப் போனதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரே காரணம் இதுதான். ஒரு பெரிய கடனை வைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தையே நம் கண்ணில் காட்டாமல் மூடிவிட்டார்கள்.

கடலூருக்கு மேற்கே என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில் படுகளம் பார்த்திருக்கிறேன். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இரவு முழுவதும் பதினெட்டாம் போர்க் கூத்து. விடியும்போது ஊரே கோயிலுக்கு எதிரிலுள்ள திடலுக்கு வந்துவிடும். அங்கே துரியோதனன் மல்லாந்து கிடப்பான். களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டிய உருவம், ஒரு வீட்டு முற்றத்தில் அடங்காத நீளம். தொடைக்குள் சிவப்பு நீர் நிரப்பிய கலயத்தைப் புதைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு உருவத்தைச் சுற்றி ஓடுவார், துரியோதனன் வேடக்காரர் அவருக்கு முன்னால் ஓடுவார். தொடையில் அடி விழுந்ததும் கலயம் உடையும். பாஞ்சாலி வேடமிட்டவர் வந்து அந்தச் சிவப்பில் கையை நனைத்து விரித்த கூந்தலை முடிப்பார். திடல் முழுவதும் குலவைச் சத்தம்.

அங்கே நின்ற ஒருவருக்குக்கூட அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாமல் இல்லை. பாட்டிமார்களுக்குப் பாட்டு வரிசைகூட மனப்பாடம். அவர்கள் தெரிந்துகொள்ள வரவில்லை, தம்பி. சபையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததற்கு அவர்கள் சாட்சி. கூந்தல் முடிவதற்கும் அவர்களே சாட்சியாக நிற்க வேண்டும். அதற்காகத் தூக்கம் விழித்தார்கள்.

கூந்தல் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. காந்தாரி வேடமிட்டவர் வந்து களிமண் உருவத்தின் மார்பில் விழுந்து ஒப்பாரி வைத்தார். திரும்பிப் பார்த்தால் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சற்று முன்பு குலவையிட்டவர் அவர். கெட்டவன் செத்ததற்கு எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு வைத்தார். “அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?” அழுகை ஓய்ந்த பிறகு ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அந்த உருவத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை அதை நெல் குதிரில் போட்டார்.

கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒப்பாரிக்குப் பிறகுதான். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் பத்துப் பருவங்களோடு நிறுத்திவிட்டார். நம் திருமுனைப்பாடி நாட்டுக்காரர் அவர், சனியூரில் பிறந்தவர். பாண்டவர்கள் அரசாண்டது, கடைசியில் வடதிசை நோக்கி நடந்தது எல்லாம் அவர் பாட்டில் இல்லை. பின்னால் நல்லாப்பிள்ளை வந்து மிச்சத்தைப் பாடிச் சேர்த்தார். புலவர்கள் அதைப் போற்றட்டும். அந்தத் திடலில் மிச்சம் எங்கே என்று கேட்டவர் யாரும் இல்லை. கடன் தீர்ந்தது, கடன்பட்டவனுக்காக அழுதும் ஆயிற்று. அதற்குமேல் என்ன கேட்பார்கள்?

இப்போது டேவிடைப் பாருங்கள். அவனுக்குத் தாய் இல்லை. அவனைச் செய்த வெய்லண்ட் அவனைத் தேநீர் ஊற்றித் தரச் சொன்னவர். டேவிட் அழிந்தால் அழக்கூடிய ஒரே உயிர், தலையைப் பைக்குள் எடுத்துவைத்த அந்தப் பெண். அவளை அவனே கொன்றான், அதையும் திரைக்கு வெளியே கொன்றான். உங்கள் முடிவில் அவன் வெல்கிறான், அழ யாரும் இல்லை. உங்கள் நண்பர் முடிவில் அவன் அழிகிறான், அப்போதும் அழ யாரும் இல்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

ஷா உயிரோடு திரும்புவதையும் நான் விரும்பவில்லை. இறந்தவளை எழுப்பினால் அவள் பட்டதெல்லாம் பொய்யாகிவிடும். ஆனால் அவள் குரல் இருக்கிறது. நினைவிருக்கிறதா? கவனென்ட் கலம் வழிமாறி அந்தக் கிரகத்தில் இறங்கியதே அவள் குரலைக் கேட்டுத்தான். ஊருக்குக் கூட்டிப்போ என்ற ஒரு பழைய பாட்டு, விட்டுவிட்டு, இரைச்சலுக்கு நடுவே வருகிறது. யார் பாடுகிறார்கள் என்று தெரியாமலே போட்டுப் போட்டுக் கேட்டார்கள். அந்தப் பாட்டு இன்னும் கலத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது படம் வந்தால், டேனியல்ஸ் கண்விழிக்க வேண்டும். இரண்டாயிரம் பேரும் விழித்து நிற்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் அந்தக் குரலை டேவிட் கேட்க வேண்டும். ஷாவை என்ன செய்தாய் என்ற கேள்விக்கு அவன் வாயால் உண்மை வரவேண்டும். ஷெல்லியின் கவிதையை பைரன் எழுதியது என்று தவறாகச் சொல்லி வால்டர் திருத்தியபோது நின்றானே, அதே தடுமாற்றத்தோடு இங்கும் நிற்கட்டும். அதன்பின் அவன் அழியட்டும். அவனால் எல்லாவற்றையும் இழந்த டேனியல்ஸ் அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவாளா, மாட்டாளா? அந்த முகத்தைக் காட்டிவிட்டுப் படத்தை முடித்துக்கொள்ளலாம். முட்டைகள் எந்தக் கலத்துக்குப் போயின என்பதைச் சொல்லாமலே விட்டாலும் நான் புகார் சொல்ல மாட்டேன்.

அந்த நண்பருக்கு வருகிறேன். ஒரு பெண் திரைக்கு வெளியே கொல்லப்பட்டதற்கு ஒருவர் எழுந்துபோகிறார். நீங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து முட்டைகளை எண்ணிக்கொண்டு அவரைக் கேலி செய்கிறீர்கள். உங்கள் கூட்டத்தில் படம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேச விடுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் விரும்பும் முடிவை நான் ஏற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள், என்னோடு சண்டைக்கு வரட்டும். நீங்களும் நல்ல பிள்ளைதான். இல்லாவிட்டால் கேலி செய்ததை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

தங்கைக்கு 1979 படத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நாற்காலியோடு நாற்காலியாக இறுகிப்போன அந்தப் பிரம்மாண்டமான உடலை, விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருப்பதை, அவள் எதுவும் தெரியாமல் பார்க்க வேண்டும். இது யார் என்று கேட்பாள். 2012 படத்தில் வரும் என்று ஆர்வக்கோளாறில் உளறி வைக்காதீர்கள்.

அன்புடன்.