ஜெயித்தும் ரேங்க் இறங்குவது எப்படி?

"நம்ம ஆள் கிராண்ட்ஸ்லாமில் நான்கு ஆட்டம் ஜெயித்தும் ரேங்க் சரிந்துவிட்டதே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டென்னிஸ் தரவரிசை கடைசி 52 வாரக் கணக்கு. இந்த வருடப் புள்ளி ஏறும்போது, போன வருடம் அதே போட்டியில் எடுத்தது கழிந்துவிடும். கிராண்ட்ஸ்லாம் என்றால் யுஎஸ் ஓபன், விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகள். ஆண்கள் கிராண்ட்ஸ்லாமில் பட்டத்துக்கு 2000, இறுதியில் தோற்றால் 1300, அரையிறுதிக்கு 800, காலிறுதிக்கு 400. போன வருடம் அரையிறுதி, இப்போது காலிறுதி என்றால் 400 நஷ்டம்.

பிரிட்டன் வீராங்கனை எம்மா ரடுகானுவைப் பாருங்கள். 2021 யுஎஸ் ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டம் வென்று 150-லிருந்து 23-க்குத் தாவினார். மறுவருடம் அங்கே முதல் சுற்றிலேயே தோற்றார். பட்டத்தின் 2000-மும் தகுதிச் சுற்றுப் புள்ளியும் போய், 11-லிருந்து நேராக 83. "ஆட்டமே போச்சு" என்று பலர் புலம்பியது பாதிக்குமேல் இந்தக் கழித்தலால்தான்.

செர்பிய வீரர் ஜோகோவிச் கதை இன்னும் வேடிக்கை. 2022 விம்பிள்டனை வென்றும் 3-லிருந்து 7-க்கு இறங்கினார். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் சேர்க்காததால், தரவரிசை போடும் அமைப்புகள் அந்த வருடம் அங்கே புள்ளியே தரவில்லை. 2021-இன் 2000 மட்டும் கழிந்தது.

அடுத்த முறை டிரா (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) வந்ததும், உங்கள் வீரர் போன வருடம் அங்கே எந்தச் சுற்றுவரை போனார் என்று முதலில் பாருங்கள். முதல் சுற்றில் தோற்றிருந்தால் கவலையே வேண்டாம், இழக்க வெறும் 10 புள்ளிதான்.