நார்ஃபோக்கில் ஆண்டு முழுவதும் என்னென்ன பறவைகள் இருக்கும்? ஜூலையில் வரலாமா?

ஜூலையில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் வருகிறோம், பறவை பார்க்க அது நல்ல மாதமா, மற்ற மாதங்களில் என்ன இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாரிச் நகரில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். தேதியை மாற்ற வழியிருந்தால் மாற்றிவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். இந்த மாவட்டத்தின் பெரிய பறவைக்காலம் குளிர்காலம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை எப்போது வந்தாலும் சரி.

காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வட கடல். வடமேற்கில் 'தி வாஷ்' என்ற அகன்ற விரிகுடா, தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். கிழக்கே பிராட்ஸ் என்ற ஏரிகளும் நாணற்காடும். தென்மேற்கில் மணற்பாங்கான பிரெக்லாண்ட். துருவப் பகுதி உறையத் தொடங்கும்போது அங்கிருந்து கிளம்பும் பறவைகளுக்கு இது முதல் நல்ல தங்குமிடங்களில் ஒன்று. இதுவரை 400-க்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

குளிர்காலம் என்றால் எனக்கு முதலில் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள். செப்டம்பர் நடுவில் ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரத் தொடங்கும். அவற்றை இங்கே இழுப்பது சர்க்கரைக் கிழங்கு வயல். கிழங்கை அறுத்தபின் தலைப்பகுதியும் இலையும் வயலிலேயே கிடக்கும், அதுதான் அவற்றின் சாப்பாடு. இரவில் நரிக்குப் பயந்து கடலோர மணல்திட்டுகளில் தூங்கும். விடியலில் ஆயிரக்கணக்கில் எழுந்து உள்நாட்டு வயல்களுக்குப் பறக்கும். ஒரு டிசம்பரில் வெல்ஸ் ஊருக்கு அருகே என் மகளோடு இருட்டிலேயே போய் நின்றேன். முதலில் சத்தம்தான் வந்தது, தூரத்துச் சந்தைக் கூட்டத்தின் இரைச்சல் போல. அப்புறம் வானத்தில் ஒரு கோடு, அதன் பின்னால் இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் கோடுகள். தாழ்ந்து பறந்த கூட்டத்தில் இறக்கை காற்றை அறுக்கும் ஒலிகூடத் தனியாகக் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் நெடுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். நிலா வெளிச்சம் இருந்தால் வாத்துகள் இரவிலேயே வயலுக்குப் போய்விடும். விடியலில் காத்திருப்பவருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம்.

ஆனால் வாஷ் கரையில் இருக்கும் ஸ்னெட்டிஷம் போவதற்குக் கணக்கு நேரெதிர். அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதம்தான், அதாவது கடல் நீரேற்றம்தான் வேண்டும். நாட் என்ற சிறிய உள்ளான்கள் வாஷ் சேற்றில் சிப்பி தின்று குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சாதாரண நாளில் கடல் ஏறினாலும் ஓரத்தில் கொஞ்சம் சேறு மிஞ்சும். ஓதம் மிக உயரமாக இருந்தால் அதுவும் மூழ்கிவிடும், பறவைகளுக்கு நிற்க இடமே இருக்காது. அப்போது பல்லாயிரம் நாட் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பும். கூட்டம் திரும்பும்போது ஒரு கணம் கறுப்பு, மறு கணம் வெள்ளை. பிறகு கரைக்குப் பின்னால் உள்ள பழைய கூழாங்கல் குழிகளில், இப்போது அவை குளங்கள், தோளோடு தோள் ஒட்டி இறங்கும். தூரத்தில் பார்த்தால் சாம்பல் நிறக் கல்பரப்பு என்றே நினைப்பீர்கள். ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே போய் நில்லுங்கள். தாமதமாகப் போனால் எல்லாம் முடிந்திருக்கும்.

தெற்கே வெல்னியில் ஐஸ்லாந்திலிருந்து வரும் ஹூப்பர் அன்னங்கள் மாலையில் நீரில் இறங்குவதைக் கண்ணாடி மறைவிடத்திலிருந்தே பார்க்கலாம். சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுதான் வசதி. ரஷ்யத் துருவப் பகுதியிலிருந்து வரும் பெவிக் அன்னங்கள் இப்போது அங்கே குறைந்துகொண்டே வருகின்றன. குளிர் மிதமாகிவிட்டதால் பல கூட்டங்கள் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலுமே தங்கிவிடுகின்றன.

மார்ச் வந்தால் பிராட்ஸ் பக்கம் போங்கள், குறிப்பாக ஹிக்லிங். விடியலில் நாணற்காட்டின் உள்ளேயிருந்து காலிக் குடத்தின் வாயில் ஊதினாற்போல் ஓர் ஓசை வரும். அது பிட்டர்ன், கொக்குக் குடும்பத்துப் பழுப்புநிறப் பறவை. நாணலுக்குள் நின்றால் நாணலாகவே தெரியும். நான் முழுதாகப் பார்த்தது மூன்றே முறை. சதுப்பை வற்றவைத்தும் பறவையைத் துப்பாக்கியால் சுட்டும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் இது கூடுகட்டுவதே நின்றுபோனது. 1911-ல் எம்மா டர்னர் என்ற ஒளிப்படக்காரர், ஹிக்லிங்கில் படகுவீட்டில் தங்கிப் பறவைகளைப் படமெடுத்தவர், நார்ஃபோக்கில் ஒரு பிட்டர்ன் குஞ்சைப் படம் பிடித்தார். பறவை திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் சான்று. ஆனாலும் 1997-ல் பிரிட்டன் முழுக்க ஒலியெழுப்பும் ஆண் பிட்டர்ன்கள் 11 மட்டுமே இருந்தன. நாணற்காடுகளைச் சீரமைத்த பிறகுதான் மீண்டும் பெருகின. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த ஓசையைக் கேட்டால் மனசு நிறைந்துவிடும்.

அதே நாணற்காட்டின் மேல் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்கும். 1971-ல் நாட்டிலேயே ஒரு ஜோடிதான் கூடுகட்டியது என்றால் இன்று நம்ப முடியாது. கிரேனையும், அதாவது நம் சாரஸ் கொக்கின் உறவுக்காரரையும், அங்கே தேடலாம். சுமார் 400 ஆண்டுகள் இல்லாமல் போயிருந்த இவை 1979-ல் ஹார்ஸி பக்கம் தாமாகவே வந்து தங்கின, யாரும் கொண்டுவந்து விடவில்லை.

மார்ச் கடைசியில் பிரெக்லாண்டின் வீட்டிங் ஹீத்துக்குக் கண்கிலேடி வரும். தமிழ்நாட்டில் பார்ப்பது இதன் நெருங்கிய உறவு, அதே பெரிய மஞ்சள் கண். ஏப்ரலில் தகைவிலான். மார்கழியில் நம் ஊர் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே இனம்தான். ஆனால் இங்குள்ளவை குளிர்காலத்துக்குப் போவது தென்னாப்பிரிக்காவுக்கு. மே முதல் வாரத்தில் உழவாரன்கள் வந்து நாரிச் தெருக்களின் மேல் கீச்சிட்டுச் சுற்றும். காட்டுப்புறா வகையில் டர்டில் டவ்வைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஒரு காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் கூவியது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்துவிட்டது. கோடையில் அதன் குரல் கேட்டால் வண்டியை நிறுத்திவிடுவேன்.

அக்டோபரில் நாட்காட்டியை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். கிழக்குக் காற்றோடு மழையும் சேர்ந்தால் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டும் சிறு பறவைகள் களைத்துப்போய் இந்தக் கரையில் விழும். அப்படி ஒரு காலையில் வடக்குக் கரையில் மணல்மேட்டுப் புதர் ஒன்றில் கோல்ட்கிரெஸ்ட் ஒன்றைப் பார்த்தேன். இங்கிலாந்தின் 20 பென்ஸ் நாணயம் 5 கிராம், இந்தப் பறவையின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். உச்சந்தலையில் மஞ்சள் கோடு. என் காலணியிலிருந்து ஒரு முழம் தூரத்தில் புல் நுனியைப் புரட்டிப் பூச்சி தேடியது. என்னை ஏறிட்டுப் பார்க்கக்கூட அதற்கு நேரமில்லை. அது இரவு முழுக்கப் பறந்து அந்தக் கடலைத் தாண்டி வந்திருக்கும். நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலைதான் முடியும் என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நாரிச் பேராலயத்தின் 96 மீட்டர் கோபுரத்தில் கூடுகட்ட 2011-ல் வைத்த மேடையில் பெரிகிரின் வல்லூறுகள் குடியிருக்கின்றன. ஜூலையில் இளம் வல்லூறுகள் கோபுரத்தைச் சுற்றிப் பறந்து பழகும், கீழே புல்வெளியிலேயே நின்று பார்க்கலாம். கிழக்குக் கரை விண்டர்டன் கடற்கரையில் சிறு ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் கூடுகட்டும். வேலி போட்டிருப்பார்கள், அதற்கு வெளியிலேயே நில்லுங்கள். முட்டை வெறும் மணலில் கிடக்கும், கூழாங்கல் மாதிரியே இருக்கும்.

முடிந்தால் மாதத்தின் கடைசி வாரமாகப் பாருங்கள். இனப்பெருக்கம் முடிந்த நாட் பறவைகள் அப்போதே துருவத்திலிருந்து திரும்பத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் சாம்பலாக இருக்கும் அதே பறவை அப்போது மார்பு முழுக்கச் செங்கல் சிவப்பில் இருக்கும். ஓதம் உயரமாக உள்ள ஒரு நாளைப் பார்த்துவைத்துக்கொண்டு ஸ்னெட்டிஷம் போய்விடுங்கள். காற்று பலமாக அடிக்கும், கோடை என்றாலும் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.