நீர்நாயும் கடல்நாயும்

அன்புள்ள ஐயா,

பீஷான் பூங்காவில் நீர்நாய்களைப் பார்த்தது பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் கொண்டோ குளத்து கோய் மீன்களை ஒரு நீர்நாய்க் கூட்டம் ஒரே காலையில் காலி செய்துவிட்டது. அப்படியென்றால், கனடாவில் லட்சக்கணக்கில் இருக்கும், சீல் எனப்படும் கடல்நாய்கள்தான் காட் மீனைத் தின்று தீர்த்தன என்று அங்குள்ள மீனவர்கள் சொல்வது சரிதானே? அவற்றைச் சுட்டுக் குறைத்தால் மீன் திரும்பிவிடாதா?

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குளத்து மீன்களுக்குத் தப்பி ஓட இடமில்லை. அதை வைத்துக் கடலைக் கணக்கிட முடியாது. அதற்காக மீனவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடவும் மாட்டேன்.

கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 1968இல் மட்டும் 8 லட்சம் டன் காட் பிடித்தார்கள். பெரும்பகுதி ஐரோப்பிய இழுவைக் கப்பல்கள் அள்ளியது. 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லை வகுத்து அவற்றை வெளியேற்றியது. அப்புறம் அதன் சொந்தக் கப்பல்களே அந்த வேலையைத் தொடர்ந்தன. கடல் குளிர்ந்ததும், காட்டின் இரையான கேப்லின் என்ற சிறுமீன் அருகியதும் சேர்ந்துகொண்டன. காட் அடியோடு சரிந்து, 1992 ஜூலையில் அதன் பிடிப்பை நிறுத்தியபோது ஏறக்குறைய 30,000 பேர் வேலையிழந்தார்கள். இந்தச் சரிவுக்குக் கடல்நாயைக் கைகாட்டுவது அநியாயம்.

ஆனால் கொஞ்சம் தெற்கே, செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் கதை வேறு. அங்கே 2009 முதல் காட் பிடிக்கத் தடை. இருந்தும் மீன் பெருகவில்லை. வளர்ந்த பெரிய மீன்கள்தான் அதிகம் சாகின்றன. அதற்குச் சாம்பல் நிறக் கடல்நாய்களே முக்கியக் காரணம் என்று கனடாவின் மீன்வள ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அவை பெருமளவில் குட்டி போடும் கனடாவின் சேபிள் தீவில் 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு குட்டிகள்தான் பிறந்தன. 2016இல் 80,000க்கும் மேல். இவை வேறு மீன்களையும் தின்று பெருகுகின்றன. குளிர்காலத்தில் காட் கூட்டமாக ஒதுங்கும் இடத்துக்கும் போய்விடுகின்றன. நிறைய மீன் இருந்த காலத்தில் அந்த இழப்பு தெரிந்திருக்காது. மிச்சமிருப்பதே கொஞ்சம் என்னும்போது அதே பசி மீனை எழும்ப விடாது. ஆக, ஒரு கடல்நாய் எத்தனை கிலோ தின்கிறது என்பதைவிட, அது தின்னும்போது எவ்வளவு மீன் மீதம் இருக்கிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அது தின்பதைக் கணக்கிடுவதே பெரும்பாடு. கடல்நாயின் கழிவிலும் வயிற்றிலும் கிடைக்கும், மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை வைத்துத்தான் எந்த மீன், எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிக்கிறார்கள். கடல்நாய் பெரிய காட்டின் வயிற்றையும் ஈரலையும் மட்டும் கடித்துவிட்டுத் தலையை விட்டுவிட்டால் கல் எதுவும் கிடைக்காது. அப்படிக் கடிபட்டு மிதக்கும் மீனைப் பார்த்த மீனவர் ஒன்று சொல்ல, ஆய்வறிக்கை இன்னொன்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சுட்டால்? தென்னாப்பிரிக்காவில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே ஹேக் மீனில் இரண்டு இனம். கடல்நாய் அதிகம் தின்பது கரையோர இனத்தை. அந்த இனமோ ஆழ்கடல் இனத்தின் குஞ்சுகளைத் தின்கிறது. கடல்நாயைக் குறைத்தால் முதல் இனம் பெருகி, இரண்டாவது இனம் குறைந்து, மொத்தத்தில் மீனவருக்கு லாபமே இல்லாமல் போகலாம் என்று விடை வந்தது. தென்பகுதி வளைகுடாவில் நிலைமை வேறு. அங்கே குறைப்பது பற்றிப் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பல ஆயிரக்கணக்கில், பல ஆண்டுகள் கொன்றால்தான் வித்தியாசம் தெரியும். அப்படிக் கொன்ற பிறகும் மீன் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

உங்கள் குளத்துக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வேலிக்கு அடியிலும் வடிகால் வாயிலும் இருக்கும் இடைவெளியை அடைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

அன்புடன்.