கிரவுன் பினியனும் கால் மைலும்: பழைய வி8 கார்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க வி8 கார்களை டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்க்கோட்டுப் பந்தயப் பாதை) ஓட்டுகிறவர்களின் கேள்விகள் இவை. எல்லாமே பின் ஆக்சிலைச் சுற்றித்தான். அதற்குள் இருக்கும் பெரிய, சின்னப் பற்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். சக்கரம் ஒரு தடவை சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பதுதான் 3.08, 4.10 என்கிற ஆக்சில் விகிதம். தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. ஓட்டம் முடிந்ததும் கொடுப்பார்களே நேரமும் வேகமும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு, அது கையில் இருந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

அண்ணா, என்னிடம் 1969 கமாரோ. 350 எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக், பின்னால் 3.08, ஓப்பன் டிஃபரென்ஷியல் (பூட்டில்லாத சாதா வகை), 26 அங்குல டயர். முடிவுக் கோட்டில் 94 மைல் வேகம் காட்டுகிறது. 4.56 போட்டால் ஒரு முழு வினாடி குறையும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் உங்கள் கார் இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். 3.08-இல் 94 மைல் என்றால் டாப் கியரில் எஞ்சின் சுமார் 3,740 ஆர்பிஎம்தான் சுற்றுகிறது. 350-க்கு முழு பலம் வருவது 5,000 பக்கம். இரண்டாவது கியரில் (1.52) அந்த 5,000 வருவதற்குள் கார் 83 மைலைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு மூன்றாவது விழுந்தால் எஞ்சின் 3,300-க்கு இறங்கித் தூங்குகிறது, கோடும் வந்துவிடுகிறது. மூன்று கியர் இருந்தும் இரண்டை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே 94 மைலுக்கு 3.73 போட்டால் 4,530, 4.10 போட்டால் 4,980, 4.56 போட்டால் 5,540. கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைப்பது) வழுக்கலுக்கு மேலே ஒரு இருநூறு சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உச்ச பலத்தை எட்டி, கொஞ்சம் தாண்டும்போது கோட்டைக் கடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 4.10, தினமும் ஓட்டுகிற கார் என்றால் 3.73. அதற்கு மேலே போனால் சத்தம்தான் கூடும்.

அந்த ஒரு வினாடிக் கதைக்கு வருகிறேன். கியர் மாற்றுவதால் எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாவதில்லை. முடிவு வேகம் ஏறக்குறைய அதே 94 பக்கம்தான் நிற்கும், ஒன்றிரண்டு மைல் ஏறலாம். குறைவது நேரம் மட்டும், அதுவும் பெரும்பாலும் முதல் 60 அடியில். ஓப்பன் டிஃபரென்ஷியலை வைத்துக்கொண்டு 4.56 போட்டால் அந்த 60 அடியில் ஒரு டயர் மட்டும் புகை விடும், நேரம் கூடினாலும் கூடும். காசை முதலில் லிமிட்டெட் ஸ்லிப்பிலும் (ஒரு டயர் வழுக்கினாலும் மற்றதற்கும் பலம் தரும் டிஃபரென்ஷியல்) நல்ல டயரிலும் போடுங்கள். கிரவுன் பினியன் அதற்கு அடுத்துத்தான்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். உங்கள் ஜிஎம் ஆக்சிலில் 3.08-க்கான கேரியரில் (கிரவுனைத் தாங்கும் கூடு) 4.10 உட்காராமல் போகலாம், அப்படியானால் கேரியரும் மாற்ற வேண்டும். எப்படியும் லிமிட்டெட் ஸ்லிப் வாங்கப் போகிறீர்கள் என்பதால் இரண்டையும் ஒரே வேலையாக முடித்துவிடலாம்.

இந்த ஆர்பிஎம் கணக்கை எப்படிப் போடுகிறீர்கள்?

மைல் வேகம் × ஆக்சில் விகிதம் × 336, அதை டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் டாப் கியர் ஆர்பிஎம். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை 60-ஆலும் பையாலும் (π) வகுத்தால் 336 வரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவை நம்பாதீர்கள், காரை நிறுத்தி டேப் வைத்து அளந்து பாருங்கள்.

எப்போதும் வலது பின் டயர்தான் சுற்றுகிறது. இடது பக்கம் கறுப்புக் கோடே விழுவதில்லை. ஆக்சில் வளைந்திருக்குமோ?

வளையவில்லை. பின்னால் நின்று பார்த்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் முறுக்குகிறது. அந்த முறுக்கு முழு ஆக்சிலையும் அதே திசையில் திருப்பப் பார்க்கும்: இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயர் லேசாகும். ஓப்பன் டிஃபரென்ஷியல் இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். லேசான டயர் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும். வலது வழுக்கிய அந்த நொடியிலேயே இடதும் சும்மா நிற்கும். எண் கூடிய கியர் போட்டால் ஆக்சிலுக்குப் போகும் முறுக்கும் கூடும், அதனால் வழுக்கலும் சீக்கிரம் வரும். வலது பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்துக் கொஞ்சம் ஏற்றுவது பழைய வைத்தியம். காயில் ஸ்பிரிங் கார்களில் இன்றும் வேலை செய்கிறது.

விற்றவர் "பாசி" என்றார், அதாவது லிமிட்டெட் ஸ்லிப். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் வந்தால் லிமிட்டெட் ஸ்லிப். எதிர்த்திசையில் போனால் ஒன்று ஓப்பன், இல்லை தேய்ந்துபோன லிமிட்டெட் ஸ்லிப். கவரைக் கழற்றிப் பார்க்காமல் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

பெயர்களில் குழம்ப வேண்டாம். செவர்லேயின் பாசிட்ராக்‌ஷன், மோப்பாரின் (கிரைஸ்லர் கார்கள்) ஷ்யூர் கிரிப், ஃபோர்டின் ட்ராக்‌ஷன் லாக், பான்டியாக்கின் சேஃப்டி ட்ராக் எல்லாம் செய்கிற வேலை ஒன்றே. இதை அமெரிக்கக் கார்களில் முதலில் கொண்டுவந்தது இவர்களில் யாருமில்லை, 1956-இல் பேக்கார்டு. கிளட்ச் தட்டு வகையைப் பிரித்துப் புதுத் தட்டுப் போடலாம். கோன் வகை தேய்ந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். கிளட்ச் வகைக்கு ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் ஊற்ற மறந்தால் திருப்பத்தில் கடகடவென்று அடிக்கும்.

ஸ்பூல் விலை குறைவு, உடையவும் உடையாது. வார நாட்களில் ஆபீசுக்கும் அதே கார்தான்.

அப்படியானால் ஸ்பூல் வேண்டாம். இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிற சமாச்சாரம் அது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தேய்ந்தே ஆக வேண்டும், மழையில் பின்பக்கம் எப்போது விலகும் என்று சொல்ல முடியாது. மேலும் ஜிஎம் 10 போல்ட், 12 போல்ட் ஆக்சில்களில் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். டிஃபரென்ஷியலைப் பூட்டிய காருக்கும், 10.99 வினாடியோ அதற்கும் குறைவோ ஓடும் காருக்கும் சி-கிளிப்பை நம்பாத வேறு பிடிமானமும் வலுவான ஷாஃப்டும் வேண்டும் என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி. அதையெல்லாம் கூட்டினால் ஸ்பூல் மலிவில்லை.

செவெல் 396, மன்சி எம்21 நாலு கியர், ஆக்சில் 3.31. லைனிலிருந்து கிளம்பும்போது கார் திணறுகிறது. எம்20-க்கு மாறலாமா, ஆக்சிலை மாற்றலாமா?

ஆக்சிலை. முதல் கியரையும் ஆக்சிலையும் பெருக்குங்கள்: 2.20 × 3.31 = 7.28. இவ்வளவு கனமான காருக்கு இது போதாது; ஸ்ட்ரிப்புக்கு 9-க்கும் 10-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எம்20-இன் 2.52 போட்டால் 8.34 ஆகும், கிளம்புவது சரியாகும். ஆனால் மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது 6,000 ஆர்பிஎம் 4,110-க்கு விழும், ஏனென்றால் அதன் மூன்றாவது 1.46. எம்21-இன் மூன்றாவது 1.28, அதில் 4,690-க்குத்தான் விழுகிறது. முதல் மூன்று கியர்களுக்குள் இரண்டு பெட்டிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசமே அந்தக் கடைசி மாற்றத்தில் இருக்கிறது. எம்21-ஐ வைத்துக்கொண்டு 4.10 போடுங்கள்: 9.02. கிளட்ச் உங்களை வாழ்த்தும்.

அப்பா விட்டுப்போன 1968 ரோட் ரன்னர், 383, டார்க்ஃப்ளைட், 8¾ அங்குல ஆக்சிலில் 3.23. ஒரிஜினலைக் கெடுக்க மனமில்லை சார். ஆனால் ஸ்ட்ரிப்பில் ஓட்டிப் பார்க்கவும் ஆசை.

உங்களுக்கு அதிர்ஷ்டம் அம்மா. மோப்பார் 8¾-உம் ஃபோர்டு 9 அங்குலமும் நடுப்பாகம் முழுசாக முன்பக்கம் கழன்று வருகிற வகை. கிரவுன், பினியன், கேரியர் எல்லாம் ஒரே கட்டையாகக் கையோடு வரும். 3.91 ஷ்யூர் கிரிப் போட்ட இன்னொரு கட்டையைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கனம் அதிகம், துணைக்கு ஒருவர் வேண்டும். அப்பாவுடைய 3.23 அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும், ஊர்ப் பயணத்துக்கு அதுதான் சுகம்.

1969 மஸ்டாங் 428 கோப்ரா ஜெட். டிராக் பேக் என்பது வெறும் ஆக்சில்தானே?

ஆக்சிலில் தொடங்கி எஞ்சினில் முடிகிற விஷயம். 3.91 அல்லது 4.30 கேட்டு ஆர்டர் செய்தவர் எஞ்சினை அதிக ஆர்பிஎம்மில் போட்டு வதைப்பார் என்று ஃபோர்டுக்குத் தெரியும். அதனால் அந்த விகிதத்தைக் குறித்தாலே கேப் ஸ்க்ரூ கனெக்டிங் ராடும் ஆயில் கூலரும் சேர்ந்து வரும், எஞ்சின் சூப்பர் கோப்ரா ஜெட் ஆகிவிடும். 3.91-க்கு ட்ராக்‌ஷன் லாக், 4.30-க்கு டெட்ராய்ட் லாக்கர் (இரண்டு பக்கத்தையும் பூட்டும் வகை). உங்களுடையது 3.50 என்றால் உள்ளே இருப்பது சாதாரண ராடு. பின்னால் 4.30 போட்டுவிட்டு ஒவ்வொரு ஓட்டத்திலும் 6,000-க்கு மேல் இழுக்காதீர்கள்.

டர்போ 350-ஐ எடுத்துவிட்டு 700ஆர்4 போட்டேன். முதல் கியர் 3.06, கணக்குப்படி வேகம் கூட வேண்டும். நேரம் குறையவே இல்லை.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு விழுகிற பள்ளம்தான் காரணம். 3.06-இலிருந்து நேரே 1.63. 5,500-இல் மாற்றினால் 2,930-க்கு இறங்கும். பழைய பெட்டியில் 3,320 வரைதான். லைனில் சம்பாதித்ததை அங்கே இழக்கிறீர்கள். கொஞ்சம் அதிக ஸ்டால் (பிடிக்கத் தொடங்கும் ஆர்பிஎம்) உள்ள கன்வெர்ட்டர் போட்டால் பள்ளம் நிரம்பும். ஆக்சிலில் 4.10 இருந்தால் முதல் கியர் பெருக்கம் 12.5-ஐத் தாண்டும், சாலை டயர் அதைத் தாங்காது, 3.42 போதும்.

26 அங்குல டயரை எடுத்துவிட்டு 28 போட்டால்?

4.10 இருந்த இடத்தில் 3.81 போட்ட மாதிரி.

3.08-ஐ 4.10 ஆக்கிய பிறகு ஸ்பீடோமீட்டர் பைத்தியமாக ஓடுகிறது. புதுக் கிரவுன் பினியனோடு இந்த வாரமே ஸ்ட்ரிப்புக்குப் போகலாமா?

ஸ்பீடோமீட்டருக்குச் சுற்று வருவது கியர்பாக்ஸின் கடைசியிலிருந்து. அதனால் உண்மையில் 60-இல் போகும்போது 80 காட்டும். அங்கே இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பற்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும், பத்து நிமிட வேலை.

இந்த வாரம் போகாதீர்கள். முதலில் பத்துப் பதினைந்து மைல் மெதுவாக ஓட்டி, ஆக்சில் முழுசாக ஆறும்வரை நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. பிறகு 500 மைல் சாதாரணமாக ஓட்டி ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலில் மெல்லிய சாம்பல் நிறப் பொடி இருந்தால் பயமில்லை. விரலில் தட்டுப்படும் துண்டு ஏதாவது வந்தால் கவரை மூடாமல் பொருத்தியவரையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.