ரோப்லொக்ஸ் தளத்தின் போட்டிப் பலத்தையும் ஆபத்தையும் எப்படி மதிப்பிடுவது?

2006 இல் தொடங்கி, 2021 மார்ச்சில் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்த இணைய விளையாட்டுத் தளமான ரோப்லொக்ஸின் பலத்தை, விளையாட்டுகளின் எண்ணிக்கையைவிட, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும். கொக்குவிலில் இருக்கும் என் மருமகன் சனிக்கிழமை பின்னேரம் கைப்பேசியைத் திறப்பது, அப்போதுதான் விடிந்திருக்கும் ரொறன்ரோவிலுள்ள தன் சித்தி மகனோடு சேர்ந்து விளையாடத்தான். இதைவிட அழகான விளையாட்டு வேறு தளத்தில் வந்தாலும், இருவரும் ஒன்றாக மாறினாலன்றி ஒருவர் மட்டும் போகமாட்டார்.

விளையாட்டுகளைப் பயனர்களே உருவாக்குவதால் புதுமை வற்றுவதில்லை. ஆனால் அவர்களுக்குரிய பங்கும் தங்கள் செயலிக் கடைகள் வழியாக அப்பிள், கூகுள் எடுக்கும் தரகும் வருமானத்தைக் கரைக்கின்றன. பெரிய ஆபத்தாக நான் கருதுவது சிறுவர் பாதுகாப்பையே: அந்தக் கவலையைக் காட்டித்தான் 2024 ஓகஸ்டில் துருக்கி இத்தளத்தை முடக்கியது.